பழைய கட்டி புதிதாக வலித்தால்

எங்கள் குடும்பத்தில் எலும்புக் கட்டி அம்மா வழியாக வந்தது. அம்மாவின் முழங்கால்களுக்குக் கீழே, மணிக்கட்டுக்கு மேலே, விலா ஓரத்தில் என்று தொட்டால் கல்லாகத் தட்டுப்படும் முண்டுகள் உண்டு. தம்பிக்கு நான்கைந்து வயதிலேயே தெரிய ஆரம்பித்தன. எனக்கு ஒன்றுகூட இல்லை. தண்டையார்பேட்டையில் நாங்கள் வளர்ந்த தெருவில் இது யாருக்கும் அதிசயமாகப் படவில்லை. வலிக்காத, வேலையைக் கெடுக்காத ஒன்றை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? அப்படிச் சும்மா கிடந்த முண்டுகளில் ஒன்றுதான் தம்பியின் முதுகில் புற்றாக மாறியது. இப்படி மாறுவது அரிது. அரிது என்பதால்தான் எழுதுகிறேன். அடிக்கடி வரும் நோயைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லித் தருவார்கள். அரிதாக வருவதைச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை.

முதலில் நோயைப் பற்றி. குழந்தைகளின் எலும்புகள் முனைக்கு அருகே இருக்கும் குருத்தெலும்புத் தட்டிலிருந்து வளர்கின்றன. அந்தக் குருத்தெலும்பில் ஒரு துணுக்கு பக்கவாட்டில் வளரத் தொடங்கிவிட்டால் எலும்பிலிருந்து ஒரு முளை வெளியே வரும். முளையின் நுனியை மெல்லிய குருத்தெலும்பு தொப்பியாக மூடியிருக்கும். ஆஸ்டியோகாண்ட்ரோமா என்கிறார்கள். எலும்பில் வரும் தீங்கற்ற கட்டிகளில் மிகவும் பரவலானது இதுதான். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றே ஒன்று வரும், பலருக்கு அது இருப்பதே தெரியாது. எங்கள் வீட்டில் இருப்பதுபோல் உடம்பெங்கும் வருவது பரம்பரை வகை. ஏறத்தாழ 50,000 பேரில் ஒருவருக்கு என்று கணக்குச் சொல்கிறார்கள். பிள்ளை வளரும்வரை கட்டியும் வளரும். பதின்பருவம் முடிந்து உயரம் நிற்கும்போது கட்டியும் நின்றாக வேண்டும். மற்றதெல்லாம் மறந்துபோனாலும் இது ஒன்று நினைவில் இருக்கட்டும்: உயரம் நின்ற பிறகு கட்டி வளரக் கூடாது.

தம்பி லோடு ஆட்டோ ஓட்டுபவன். கொத்தவால்சாவடியில் மளிகை மூட்டைகளை ஏற்றி, ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கடை கடையாக இறக்குவான். ஏற்ற ஆள் கிடைக்காத நாளில் மூட்டையை அவனே முதுகில் வாங்குவான். வலது தோள்பட்டை எலும்பின் மேல் அவனுக்குச் சிறு வயதிலிருந்தே ஒரு முண்டு உண்டு. 36 வயதில், 2024 கோடையில், அந்த இடம் வலிக்க ஆரம்பித்தது. மூட்டை தூக்குகிறவனுக்குத் தோள் வலிப்பது செய்தியா? வீட்டில் எல்லோரும் மூட்டையைத்தான் குறை சொன்னோம். அவன் மனைவிக்கு மட்டும் மனது ஒப்பவில்லை. எண்ணெய் தேய்த்துவிடும்போது முன்பெல்லாம் முண்டு உள்ளங்கைக்குள் அடங்கும், இப்போது விரல்களை விரித்தாலும் அடங்கவில்லை என்று அவள்தான் முதலில் சொன்னாள். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமையிலும் வலித்தது. இரவில் மல்லாந்து படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தான். தெருமுனைக் கேரம் போர்டில் குனிந்து ஸ்டிரைக்கரை அடிக்கும்போது தோளுக்குள் ஏதோ இடறி ‘டக்’கென்று ஓசை வந்தது, எதிரே ஆடிக்கொண்டிருந்தவருக்கே கேட்டதாம்.

சுளுக்கு என்று நினைத்துக் கட்டுப் போடுகிறவரிடம் போனான். நம் பக்கத்தில் எலும்பு, நரம்பு என்றால் கால் தானாக அங்கேதான் போகும். அந்தப் பெரியவர் விரலால் சுற்றிலும் தடவிப் பார்த்துவிட்டுக் கட்ட மறுத்தார். “இது சுளுக்கு இல்லை தம்பி, எலும்போடு ஒட்டியிருக்கிறது. படம் எடுத்துப் பாருங்கள்” என்றார். காசும் வாங்கவில்லை. தன் கைக்கு எட்டாதது எது என்று தெரிந்த வைத்தியருக்கு இன்றும் நன்றி சொல்கிறோம்.

அடுத்து நடந்ததுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். “பழைய எலும்பு வளர்ச்சிதான். நாளைக்கே வெட்டி எடுத்துவிடலாம், மறுநாள் வீட்டுக்குப் போகலாம்” என்றார்கள். ஸ்கேன் இல்லை, சதைப் பரிசோதனை இல்லை. தம்பி தயாராகத்தான் இருந்தான். அவர்கள் சொன்ன தொகை கையில் இல்லை என்ற ஒரே காரணத்தால் அரசு மருத்துவமனையில் பார்க்கலாம் என்று பழைய சிறைச்சாலை சாலையில் இருக்கும் ஸ்டான்லிக்குப் போனோம். பணம் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது பிறகுதான் புரிந்தது. குருத்தெலும்புப் புற்றை அது புற்று என்று தெரியாமல் சுரண்டி எடுத்தால் அதன் செல்கள் சுற்றியுள்ள சதையில் சிந்திவிடும். மிச்சம் இருந்த இடத்திலிருந்து மறுபடி வளரும். இரண்டாவது முறை வெட்டும்போது முதல் முறையைவிட அதிகச் சதையையும் எலும்பையும் இழக்க வேண்டியிருக்கும்.

ஸ்டான்லியின் எலும்புப் பிரிவில் வரிசை நீளம்தான். ஆனால் அங்கிருந்த இளம் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே சரியான கேள்வி: “இது முன்பு எவ்வளவு பெரிது?” அதற்கு விடை எங்கள் வீட்டு அலமாரியின் மேல் இருந்தது. பதினேழு வயதில் பந்து விளையாடி விழுந்தபோது எடுத்த எக்ஸ்ரேயை அம்மா தூக்கிப் போடவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்களே நனைந்து ஒட்டிப்போயின. இந்த உறை மட்டும் பாலித்தீன் பையில் சுற்றி மேலே இருந்ததால் தப்பியது. ஓரத்தில் பிலிம் சற்றுப் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். மருத்துவர் பழையதையும் புதியதையும் விளக்குப் பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். பழைய படத்தில் முண்டின் ஓரம் தெளிவாக, கோடு போட்டதுபோல் இருந்தது. புதிய படத்தில் ஓரம் கலைந்து, அதற்கு வெளியே சுண்ணாம்புத் துகள் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. படிக்கத் தெரியாத அம்மாவுக்குக்கூட வித்தியாசம் தெரிந்தது. அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார்.

ஆகவே, எலும்புக் கட்டி உள்ள யாராக இருந்தாலும் வளர்ச்சி நின்ற வயதில், பதினெட்டு இருபதில், தோள்பட்டை, இடுப்பு போன்ற கைக்கு எளிதில் தட்டுப்படாத இடங்களுக்கு ஒரு முறை படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் எதோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கு அதுதான் பதில். பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கைப்பேசியில் படமெடுத்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பி வையுங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் வீட்டுக்குள் வரும் பகுதிகளில் வாழும் நமக்கு இது மிகவும் அவசியம்.

எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு சரியாகத் தெரியாது. முளையின் மேல் இருக்கும் தொப்பி எவ்வளவு தடிமன் என்பதை எம்.ஆர்.ஐ.தான் காட்டும். பெரியவர்களுக்கு அந்தத் தொப்பி மெலிந்து போயிருக்க வேண்டும். 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் சந்தேகப்பட வேண்டும் என்பது எலும்பு மருத்துவர்கள் வைத்திருக்கும் அளவுகோல். கணினித் திரையில் மருத்துவர் தொப்பியின் ஒரு கரையில் ஒரு புள்ளி வைத்து, கோட்டை மறுகரைக்கு இழுத்தார். எண் 3-ஐத் தாண்டி நின்றது. அவர் எதுவும் சொல்லவில்லை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்துவிட்டு, “அம்மா, நீங்கள் உட்காருங்கள்” என்று எனக்கு நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். 2 சென்டிமீட்டர் என்ற அந்த அளவுகோல், வளர்ந்து முடிந்தவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு வளரும் வயதில் தொப்பி தடிமனாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

பதற வேண்டாத இடங்கள் இன்னும் இருக்கின்றன. பழைய கட்டி வலிக்கிறது என்றாலே புற்று என்று முடிவு கட்டிவிடக் கூடாது. முண்டின் மேல் தசை உரசி உரசி நீர்ப்பை வீங்கலாம். அடிபட்டு முளையின் தண்டு முறியலாம். பக்கத்தில் ஓடும் நரம்பு அழுந்தலாம். இவற்றாலும் வலிக்கும், வீங்கும். ஒற்றைக் கட்டி உள்ளவர்களில் சுமார் 1 சதவீதத்தினருக்கும், பரம்பரையாகப் பல கட்டிகள் உள்ளவர்களில் 1 முதல் 5 சதவீதம் வரையிலானவர்களுக்கும்தான் வாழ்நாளில் கட்டி புற்றாக மாறுகிறது. கை கால் நுனிகளில் இருப்பவற்றைவிட இடுப்பெலும்பு, தோள்பட்டை, தொடையின் மேல்முனை என உடலின் நடுப்பகுதியை ஒட்டியவற்றில்தான் ஆபத்து அதிகம். எது எது என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானிக்க முடியாது. படம் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்த கட்டம் சென்ட்ரல் பக்கத்தில் இருக்கும் பொது மருத்துவமனையில். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நேராக சென்ட்ரல். லிஃப்ட் இருப்பதால் அறுவைக்குப் பிறகும் தம்பியை அலுங்காமல் அழைத்துப் போக முடிந்தது. 2021-க்கு முன்பு இதே நோய் வந்திருந்தால் ஆட்டோவில் மின்ட் நெரிசலைத் தாண்டி அந்தத் தோளோடு அவன் குலுங்கிப் போயிருக்க வேண்டும்.

அங்கே கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் ஊசிப் பரிசோதனை பற்றியது. சதைத் துணுக்கு எடுக்கும் ஊசி போகும் பாதையிலும் புற்றுச் செல்கள் ஒட்டியிருக்கக்கூடும். ஆகவே கடைசியில் யார் அறுவை செய்யப் போகிறாரோ, அவர் சொல்லும் இடத்தில்தான் ஊசி இறங்க வேண்டும். பிறகு கட்டியோடு சேர்த்து அந்தப் பாதையையும் எடுத்துவிடுவார்கள். தம்பியின் முதுகில் பேனாவால் ஒரு கோடு வரைந்து, அறுவையின்போது கத்தி எந்த வழியாகப் போகும் என்று பார்த்த பிறகே ஊசி போட்டார்கள். இன்னொன்று: குருத்தெலும்புக் கட்டியில் ஊசி சாதுவான பகுதியில் இறங்கிவிட்டால் அறிக்கையில் ‘தீங்கற்றது’ என்று வரக்கூடும். ஆகவே எலும்பு மருத்துவர், ஸ்கேன் படிப்பவர், திசுவைப் பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர் மூவரும் சேர்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும். ஒரு தாளை மட்டும் வைத்துக்கொண்டு நிம்மதியடைவதும் தவறு, இடிந்து போவதும் தவறு. எடுத்த சதைத் துணுக்கைப் பதித்து வைத்திருக்கும் கண்ணாடித் தகடுகளும் மெழுகுத் துண்டுகளும் நோயாளிக்கு இன்னொரு இடத்தில் கருத்துக் கேட்கத் தேவைப்படும். எழுதிக் கொடுத்துக் கேட்டால் தருவார்கள்.

முடிவு காண்ட்ரோசார்கோமா, அதாவது குருத்தெலும்புப் புற்று என்று வந்தது. முதல் தரம் (கிரேடு 1), அதாவது மெதுவாக வளரும் வகை. பழைய முண்டிலிருந்து கிளைப்பவை பெரும்பாலும் இந்த வகைதானாம். மார்பு ஸ்கேனில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. தோள்பட்டை எலும்பில் ஒரு பெரும் பகுதியைச் சுற்றியிருந்த தசையோடு எடுத்தார்கள். கை பொருந்தும் மூட்டுக் குழியைக் காப்பாற்றினார்கள். எடுத்த துண்டின் ஓரங்களில் புற்று இல்லை என்ற அறிக்கை வந்த அன்றுதான் அவன் மனைவி வயிறாரச் சாப்பிட்டாள்.

கீமோ கொடுக்கவில்லை, கதிர்வீச்சும் கொடுக்கவில்லை. இதைச் சொன்னதும் உறவினர்கள் பதறிப்போனார்கள். “புற்று என்கிறீர்கள், கீமோ இல்லையா? கைவிட்டுவிட்டார்களா? வேறு இடம் பார்க்கக் கூடாதா?” என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். அன்பினால்தான் கேட்டார்கள், ஆனாலும் தம்பியின் தூக்கம் போனது. நாங்கள் மருத்துவரிடமே அவனை வைத்துக்கொண்டு கேட்டோம். குருத்தெலும்புச் செல்கள் மிக மெதுவாகப் பிரிபவை, ரத்த ஓட்டமும் அவற்றுக்குக் குறைவு. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குகிற கீமோ மருந்துக்கு அங்கே அதிக வேலையில்லை. வழக்கமான கதிர்வீச்சும் பெரிதாக உதவாது. முழுமையாக வெட்டி எடுப்பதே இதற்கு உரிய சிகிச்சை. முதல் அறுவை ஏன் இவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

காற்றைப் பற்றியும் பேசியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் யாருக்கு எந்த நோய் வந்தாலும் எண்ணூர், மணலி ஆலைப் புகைதான் காரணம் என்பார்கள். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்ததைக் கண்டவர்கள் அப்படிப் பேசாமல் எப்படி இருப்பார்கள்? அந்தக் கோபம் எனக்கும் இருக்கிறது. வடசென்னையின் மூச்சுக்காகப் போராட வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்தே இல்லை. ஆனால் இந்த நோய் அந்தக் கணக்கில் வராது. EXT1, EXT2 என்று இரண்டு மரபணுக்கள், ஒன்று எட்டாவது குரோமோசோமில், மற்றது பதினொன்றாவதில். இவற்றில் ஒன்றில் பிறவியிலேயே இருக்கும் பழுதால் கட்டிகள் வருகின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் பேதம் இல்லை. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகத் தோன்றுவதும் உண்டு.

இது தெரிந்ததும் அம்மா உடைந்துபோனார். “என் உடம்பிலிருந்துதானே அவனுக்குப் போனது” என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அழுதார். அம்மாவுக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது, தாத்தாவுக்கு அதற்கும் முன்னால் யாரிடமிருந்தோ. கேட்டு வாங்கியவர் இதில் யாரும் இல்லை. அம்மா பாதுகாத்து வைத்த எக்ஸ்ரேதான் மகனுக்கு நேரத்தைச் சம்பாதித்துக் கொடுத்தது என்று திரும்பத் திரும்பச் சொன்னோம். அதை அந்த இளம் மருத்துவரும் ஒருமுறை அம்மாவிடம் நேரில் சொன்னார்; எங்கள் பேச்சைவிட அது வேலை செய்தது.

செலவு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அடங்கியது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் வேண்டும். சென்னைக்காரர்கள் ராஜாஜி சாலையில் இருக்கும் சிங்காரவேலர் மாளிகைக்கு, அதாவது ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பதிய வேண்டும். நோய் வந்த பிறகு ஓடாதீர்கள். தம்பியின் திருமணத்துக்குப் பிறகு ரேஷன் கார்டைப் பிரித்திருந்தும் காப்பீட்டு அட்டையில் மாற்றாமல் விட்டிருந்தார்கள். வலியோடு இருக்கிறவனை வீட்டில் விட்டுவிட்டு அந்த வேலைக்கு அலைந்தது தனிக்கதை.

கை இப்போது தோள் உயரம் வரை எழும்புகிறது. அதற்கு மேல் போகாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கொடியில் துணி போட முடியாது, மூட்டையை முதுகில் வாங்க முடியாது. ஆட்டோ ஓட்டுகிறான், ஏற்றி இறக்க ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டான், வருமானம் அந்த அளவுக்குக் குறைந்தது. இயன்முறைப் பயிற்சியைத் தினமும் விடாமல் செய்ததால்தான் இந்த அளவாவது வந்தது. சுவரில் விரல்களால் நடந்து நடந்து, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போடுவான். அந்தக் கோடுகள் மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறின. கேரம் ஆட உட்கார்ந்த நிலையில் அவ்வளவு உயரம் போதும் என்பதில் அவனுக்கு மகிழ்ச்சி. அறுவை செய்த இடத்துக்கும் மார்புக்கும் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் தொடர்கிறது. இந்த வகைப் புற்று பல வருடங்கள் கழித்தும் திரும்பக்கூடும் என்பதால் நன்றாக இருக்கிறது என்று யாரும் நிறுத்திவிடக் கூடாது.

மற்றக் கட்டிகளையும் ஒரே மூச்சில் எடுத்துவிடலாமே என்று நாங்களும் கேட்டோம். வேண்டாம் என்றார்கள். தொந்தரவு தராத முண்டுகளில் மிகப் பெரும்பாலானவை கடைசிவரை அப்படியே இருக்கும். ஒவ்வொரு அறுவையிலும் நரம்புக்கும் ரத்தக் குழாய்க்கும் ஆபத்து உண்டு; பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தட்டே பழுதாகலாம். வலி, நரம்பு அழுத்தம், எலும்பு வளைதல், சந்தேகமான வளர்ச்சி என்று காரணம் இருந்தால் மட்டும் எடுப்பார்கள். எல்லாவற்றையும் எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரைக் கேளுங்கள்.

தம்பியின் மகளுக்குப் பத்து வயது. அவளுக்கும் முழங்கால் அருகிலும் முன்கையிலும் முண்டுகள் இருக்கின்றன. இடது முன்கை லேசாக வளைய ஆரம்பித்திருப்பதால் குழந்தைகள் எலும்பு மருத்துவர் பார்த்துவருகிறார். முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று குட்டையாகிப்போனால் மணிக்கட்டு சாயும், அதற்குச் சரியான வயதில் சிகிச்சை உண்டு. பெண் பிள்ளை, நாளைக்கு வரன் பார்க்கும்போது இதெல்லாம் வெளியே தெரியக் கூடாது என்று உறவில் சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். மறைத்துப் பழகினால் அந்தப் பிள்ளை வலியையும் மறைக்கும். அவளுடைய முண்டுகள் எங்கெங்கே என்று ஒரு நோட்டில் உடம்பு வரைந்து குறித்து வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அவளே தொட்டுப் பார்த்து எழுதுகிறாள். வளர்ச்சி நின்ற பிறகும் இந்தப் பழக்கம் தொடர வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறோம், பயமுறுத்தாமல்.

அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டோடு உள்ளே போனால் மருத்துவரிடம் இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். “தோள் வலிக்கிறது” என்று ஆரம்பித்தால் வலி மாத்திரையோடு திரும்பி வருவோம். இப்படி ஆரம்பியுங்கள்: “சிறு வயதிலிருந்தே எலும்பில் கட்டி இருக்கிறது. குடும்பத்தில் பலருக்கு உண்டு. உயரம் நின்ற பிறகு இந்த ஒன்று மட்டும் வளர்கிறது. ஓய்விலும் வலிக்கிறது. இதோ பழைய படம்.” பழைய படம் இல்லையென்றால் அதைத் தவிர்த்து மற்றதைச் சொல்லுங்கள். யாராவது வெட்டலாம் என்றால், அதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டாமா, எலும்புப் புற்று பார்க்கும் குழுவிடம் காட்ட வேண்டாமா என்று கேளுங்கள். கேட்டதற்காக எங்களை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.